அந்தரங்கமும் சட்டமும்

ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே, 1965 ஆம் ஆண்டில், சாள்ஸ் கட்ஸ் என்னும் ஒருவர் வீதியோரத்துப் பொதுத் தொலைபேசிக் கூண்டொன்றினுள் அடிக்கடி சென்று பேசி வந்தார். அவர் பேசியது சூதாட்டப் பந்தயக் கணக்கு. கூண்டின் சுவர்கள் கண்ணாடியாலானவை. உள்ளே நிற்பவர் யார் என்பதை வீதியிற் போவோர் அனைவரும் காணலாம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டால் அவர் பேசுவது எவருக்கும் கேளாது. சமஷ்டிப் பொலிஸார் அக்கூண்டின் வெளிப்புறத்தே ஒலிப்பதிவுக் கருவியொன்றைப் பொருத்தி, கட்ஸ் பேசியவற்றைப் பதிவு செய்து, அப்பதிவையே சான்றாகக் காட்டி அவர்மீது வழக்குத் தொடுத்தனர். நீதவானிடம் அனுமதி பெறவில்லை. கூண்டினுள்ளே அவர்கள் காலடி வைக்கவுமில்லை.

காலடி வைக்கவில்லை என்பதுதான் அரசாங்கத் தரப்பின் முழு வாதமும். அந்த வாதம் புதியதன்று. 1928 ஆம் ஆண்டில் சியாற்றில் நகரத்து மதுக்கடத்தல்காரர் ஒருவரின் வழக்கிலே, வீதியிற் செல்லும் தொலைபேசிக் கம்பியில் வேறொரு கம்பியை இணைத்து அதிகாரிகள் ஒட்டுக்கேட்டனர். அவருடைய வீட்டினுள் எவரும் நுழையவில்லை; கையாற் பற்றத்தக்க பொருள் எதனையும் எடுக்கவில்லை; ஆகவே அரசியலமைப்பு மீறப்படவில்லை என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அன்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு உடன்படாத நால்வருள் ஒருவர் லூயி பிராண்டைஸ் என்னும் நீதியரசர். இழுப்பறையிலுள்ள தாள்களை வெளியே எடுக்காமலே அவற்றின் வாசகங்களை நீதிமன்றத்தில் காட்டக்கூடிய கருவிகளை விஞ்ஞானம் ஒருநாள் அரசாங்கத்தின் கையிற் கொடுத்துவிடும் என அவர் எச்சரித்தார். கணிப்பொறி பிறவாத காலத்தில் எழுதப்பட்ட எச்சரிக்கை அது.

இதே பிராண்டைஸ், இளம் வழக்கறிஞராக பொஸ்டன் நகரில் இருந்தபோது, தம் தொழிற் பங்காளரான சாமுவேல் வாரன் என்பவருடன் சேர்ந்து 1890 ஆம் ஆண்டில் ஹாவாட் சட்டச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். அந்தரங்க உரிமை என்பதே அதன் பொருள். அக்காலத்துப் புதுமை, கையில் எடுத்துச் செல்லக்கூடிய புகைப்படக் கருவியும், பிறர் வீட்டுச் செய்திகளை விற்றுப் பிழைத்த பத்திரிகைகளுமாம். இவற்றிலிருந்து மனிதனைக் காக்க பழைய சட்டத்தின் ஆழத்திலேயே ஓர் உரிமை உறைந்துள்ளது என அவ்விருவரும் வாதிட்டனர். இத்துறையில் எழுந்த ஆராய்ச்சிகள் பலவற்றுக்கும் தாய்வேர் அக்கட்டுரை எனலாம்.

கட்ஸின் வழக்கு 1967 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் தீர்ந்தது. ஏழு நீதியரசர்கள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாகப் பிரிந்த அத்தீர்ப்பு, 1928 ஆம் ஆண்டுக் கொள்கையைக் கைவிட்டது. சட்டம் காப்பது இடத்தை அன்று, மனிதனை என்பது அதன் சாரம். கதவைச் சாத்திக்கொண்டு பேசியவர் பிறர் கண்ணிலிருந்து மறைய எண்ணவில்லை. பிறர் செவியிலிருந்து மறையவே எண்ணினார். அந்த எண்ணத்தைச் சட்டம் மதிக்க வேண்டும் என்றாயிற்று.

அதே ஆண்டில் வெளிவந்த ஒரு நூலே இன்றைய பேச்சின் மையப் பொருளாகும். 'அந்தரங்கமும் சுதந்திரமும்' என அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். ஆசிரியர் அலன் வெஸ்டின். 1929 இற் பிறந்தவர். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் சட்டமும் அரசியலும் கற்றவர். நியூயோர்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கியவர். நியூயோர்க் வழக்கறிஞர் சங்கம், புதிய கருவிகள் மனிதனின் அந்தரங்கத்தை எங்ஙனம் தாக்குகின்றன என்பதை ஆராய 1960 களின் தொடக்கத்தில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் பணியிலிருந்து விளைந்ததே இந்நூல்.

வெஸ்டின் அந்தரங்கத்துக்குக் கூறிய இலக்கணம் எளிமையானது. ஒருவரைப் பற்றிய செய்தி எப்போது, எவ்வாறு, எந்த அளவுக்குப் பிறரைச் சென்றடைய வேண்டும் என்பதை அவரே தீர்மானித்துக் கொள்ளும் உரிமைதான் அந்தரங்கம் என்றார். இதில் மறைத்தல் என்ற சொல்லுக்கே இடமில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். தமிழில் அந்தரங்கம் என்றவுடன் இரகசியம் என்ற நிழலும் கூடவே வந்துவிடுகின்றது. ஏதோ குற்றம் புரிந்தவன் ஒளிக்கிறான் என்ற எண்ணமும் எழுகின்றது. தனியுரிமை என்ற புதுச்சொல் அந்நிழலை நீக்குவதற்காகவே ஆக்கப்பட்டது போலும். ஆயினும் அது இன்னும் சட்டப் புத்தகத்தின் வாசனை நீங்காத சொல்லாகவே இருக்கின்றது. வெஸ்டின் பேசுவது மறைப்பை அன்று, தீர்மானத்தை. வைத்தியரிடம் தன் நோயைச் சொல்லும் ஒருத்தி எதனையும் மறைக்கவில்லை. வைத்தியரிடம் சொன்னதை அவளுடைய தொழில் அதிபரும் அறியலாமா என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும். ஒருவரிடம் சொன்னது ஊருக்குச் சொன்னதாகாது. வெஸ்டினின் நூல் முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

அந்தரங்கம் என்பது செல்வம் படைத்த மேனாட்டாரின் ஆடம்பரம், கூட்டாக வாழும் சமூகங்களுக்கு அது வேண்டியதில்லை என்று கூறுவோர் உளர். இதற்கு வெஸ்டின் மானிடவியலாரின் ஆய்வுகளிலிருந்து விடை காண்கின்றார். அவற்றுள் ஜாவாவையும் பாலியையும் ஒப்பிடும் பகுதி சுவை மிக்கது. கிளிஃபோட் கீர்ட்ஸ் என்னும் மானிடவியலாளர் கண்ட ஜாவா வீடுகளுக்கு மதில் இல்லை, வேலி இல்லை. மூங்கிற் சுவர்கள் மெல்லியவை. அயலார் வேண்டியபோது வந்து போவர். ஆனால் அங்கே மக்கள் தம் உள்ளத்தைச் சுற்றி மதில் எழுப்பியுள்ளனர். பேச்சிலே பணிவு, குரலிலே அடக்கம், உணர்ச்சியை முகத்திற் காட்டாத கட்டுப்பாடு: இவையே அவர்களுடைய கதவும் தாழ்ப்பாளும். பாலித்தீவிலோ வீட்டு வளவைச் சுற்றி உயர்ந்த மதில் உண்டு. ஒடுங்கிய வாயில் உண்டு. ஆனால் மதிலுக்குள்ளே புகுந்துவிட்டால் கலகலப்பும் திறந்த மனமுமாக வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்துக் கிடுகுவேலிகளை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. வேலியின் உருவம் நாட்டுக்கு நாடு வேறுபடும். வேலியே இல்லாத சமூகம் இல்லை.

மனிதன் அந்தரங்கத்தை நான்கு நிலைகளிலே துய்க்கின்றான் என்றும் வெஸ்டின் வகுத்தார். முழுத்தனிமை ஒன்று. நெருங்கிய சிலரோடு மட்டும் கூடியிருத்தல் மற்றொன்று. கூட்டத்தினுள்ளே பெயரறியப்படாமல் உலவுதல் மூன்றாவது. அருகில் ஆள் இருக்கும்போதே மனத்தில் உள்ளதைச் சொல்லாமல் அடக்கிக்கொள்ளல் நான்காவது. இவற்றுள் மூன்றாவது நிலை தமிழ் படித்தவருக்கு ஒரு நினைவை எழுப்பக்கூடும். அகத்திணைப் பாடல்களிலே தலைவனையோ தலைவியையோ இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது எனத் தொல்காப்பியம் விதிக்கின்றது. அது செய்யுளுக்கு வகுத்த விதிதான், சட்டமன்று. எனினும், அகவாழ்வைப் பேசலாம், ஆளைக் காட்டலாகாது என்ற நுட்பம் அதில் உண்டன்றோ?

இனி, கருவிகளின் பக்கம் வருவோம். வெஸ்டின் நூல் எழுதிய நாளில் மூவகைக் கண்காணிப்பு வளர்ந்து வந்தது. கண்ணாலும் செவியாலும் கண்காணிப்பது முதல் வகை. மறைவான ஒலிவாங்கியும் சிறு புகைப்படக் கருவியும் இதில் அடங்கும். உள்ளத்தையே துருவிப் பார்ப்பது இரண்டாம் வகை. பொய் கண்டுபிடிக்கும் பொறியும், உத்தியோகம் தேடி வருவோருக்குக் கொடுக்கப்பட்ட உளவியல் வினாத்தாள்களும் இதிற் சேரும். மூன்றாவது, பதிவேடுகளைத் திரட்டி மனிதனை அளப்பது. இத்தகைய கருவி எதுவாயினும் அதனை அனுமதிக்குமுன் சில வினாக்களை எழுப்பவேண்டும் என்றார் அவர். தேவை உண்மையிலேயே பெரியதா? வேறு வழி இல்லையா? கருவி நம்பத்தக்கதா? உட்படுபவர் மெய்யாகவே சம்மதித்தாரா? கருவியை ஓர் எல்லைக்குள் கட்டிவைக்க முடியுமா? பொய் காணும் பொறியை இவ்வினாக்களுக்கு உட்படுத்திப் பார்த்தால் அது மூன்றாவதில் தடுமாறும், நான்காவதில் விழுந்தேவிடும். பிழைப்புக்கு வேலை வேண்டி நிற்பவன் பொறியின் முன் அமரச் சம்மதித்தான் என்பது என்ன சம்மதம்? தனியார் தொழில்களில் அப்பொறியின் உபயோகத்தைப் பெரும்பாலும் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 1988 ஆம் ஆண்டில் வந்தது.

மூன்றாம் வகைக் கண்காணிப்பைப் பற்றிய பெரும் விவாதம் நூல் வெளிவருமுன்பே மூண்டுவிட்டது. அமெரிக்க அரசாங்கத்தின் வெவ்வேறு திணைக்களங்களில் குவிந்துகிடந்த புள்ளிவிபரங்களை ஒரே நிலையத்திற் சேர்த்துவைத்தால் பொருளியல் ஆராய்ச்சிக்குப் பெரும் பயன் விளையும் என 1965 ஆம் ஆண்டில் அறிஞர் குழுவொன்று ஆலோசனை கூறியது. யேல் பல்கலைக்கழகத்துப் பொருளியல் அறிஞர் றிச்சட் றகிள்ஸ் அக்குழுவின் தலைவர். தீய நோக்கம் எதுவும் அவர்களுக்கு இருக்கவில்லை. ஆயினும் 1966 ஆம் ஆண்டில் கொங்கிரஸ் சபையின் உபகுழுவொன்று, கோர்ணீலியஸ் கலஹர் என்னும் உறுப்பினரின் தலைமையில் இதனை விசாரித்தபோது நாடே அதிர்ந்தது.

இங்கே சிக்கல் எங்குள்ளது என்பதைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஆராய்ச்சியாளருக்கு வேண்டியது கூட்டுத்தொகையும் சராசரியும்தான். தனியொருவரின் வாழ்க்கை அவருக்கு வேண்டியதில்லை. ஆனால் வருமான வரித் திணைக்களத்தில் உள்ள ஒருவரின் பதிவையும், சமூகப் பாதுகாப்புத் திணைக்களத்தில் உள்ள அதே ஒருவரின் பதிவையும் இணைத்தால்தான் பயனுள்ள கணக்கு பிறக்கும். இணைப்பதற்கு அவரை அடையாளங்காட்டும் இலக்கமொன்று பதிவிலே இருந்தாக வேண்டும். இலக்கத்தை நீக்கினால் ஆராய்ச்சி முடமாகும். இலக்கத்தை வைத்தால், கணக்கு நிலையம் என்று தொடங்கியது ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு கோவை வைத்திருக்கும் நிலையமாக எந்நாளும் மாறலாம். நல்லவர்கள் நல்ல நோக்கத்தோடு கட்டும் கருவியே அடுத்து வருபவர் கையில் வேறொன்றாகிவிடும் என்பதை அந்த விசாரணை வெளிச்சமாக்கியது. நிலையம் அமைக்கப்படவில்லை.

இவ்வளவும் நடந்த பின்னர் வெஸ்டின் செய்த காரியம்தான் அவரை வெறும் எச்சரிக்கைக்காரரிலிருந்து வேறுபடுத்துகின்றது. கணிப்பொறி வந்ததும் அந்தரங்கம் அழிந்தது எனப் பலரும் முழங்கிய வேளையில், அது மெய்தானா என்று பார்க்கப் புறப்பட்டார். தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஆதரவில், மைக்கேல் பேக்கர் என்பவரோடு இணைந்து, அரசாங்கத் திணைக்களங்களும் தனியார் ஸ்தாபனங்களுமாக 55 இடங்களுக்கு ஆய்வாளரை அனுப்பி நேரிலே ஆராய்ந்தார். 1972 இல் வெளியான முடிவு பலருக்கு ஏமாற்றமளித்தது. கணிப்பொறி வாங்கிய ஸ்தாபனங்கள் முன்பு தாளிலே சேர்த்த செய்திகளையே பெரும்பாலும் பொறியிலும் சேர்த்தன. மிக நுண்ணிய அந்தரங்கச் செய்திகள் இன்னும் தாட்கோவைகளிலேயே கிடந்தன. அஞ்சிய அளவுக்கு அநீதி இன்னும் நேரவில்லை. ஆனால் பழைய அநீதிகள் அப்படியே பொறிக்குள்ளும் குடிபுகுந்துவிட்டன. தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைக் கேட்டறிய வழியில்லாத குடிமகனுக்கு, அது தாளில் இருந்தால் என்ன, காந்த நாடாவில் இருந்தால் என்ன? பொறி முற்றிப் பழுக்குமுன் விதி செய்யுங்கள் என்பதே அவர் விடுத்த வேண்டுகோள். தமக்குச் சாதகமான அச்சத்தையே அளந்து பார்த்து, அது மிகைப்பட்டது என வெளியிடும் நேர்மை அறிஞர் உலகிலும் அரிது.

விதிகளும் வந்தன. கடன் பெறுவோரின் நம்பகத்தைப் பற்றித் தகவல் விற்கும் கொம்பனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1970 இலேயே இயற்றப்பட்டிருந்தது; அதற்கு முந்திய கொங்கிரஸ் விசாரணைகளில் வெஸ்டின் சாட்சியமளித்தார். 1973 இல் சுகாதார, கல்வி, நலன்புரித் திணைக்களத்தின் ஆலோசனைக் குழு, நேர்மையான பதிவேட்டுக்குரிய நெறிகளை வகுத்தது. இரகசியப் பதிவேடு இருத்தலாகாது. தன்னைப் பற்றிய பதிவைக் காணவும் திருத்தவும் ஒருவருக்கு வழியிருக்க வேண்டும். ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற செய்தியை அவருடைய சம்மதமின்றி வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பன அவற்றுட் சில. வோட்டர்கேட் ஊழலின் பின் நாடு கொதித்திருந்த வேளையில், 1974 ஆம் ஆண்டு இறுதியில் அந்தரங்கச் சட்டம் கையொப்பமாயிற்று. அது சமஷ்டி அரசாங்கத்தின் பதிவேடுகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. தனியார் கொம்பனிகள் பெருமளவுக்குத் தப்பிக்கொண்டன.

நீதிமன்றமோ நேர் எதிர்த்திசையில் நடந்தது. 1976 இல் வங்கிக் கணக்கு பற்றிய வழக்கிலும், 1979 இல் ஒருவர் சுழற்றிய தொலைபேசி இலக்கங்கள் பற்றிய வழக்கிலும், தானாகவே வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட செய்தியின்மீது ஒருவருக்கு அந்தரங்க உரிமை இல்லை என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிக்குச் சொன்னாய், ஆகவே பொலிஸுக்கும் சொன்னவனாவாய் என்பது போன்ற நியாயம் இது. வெஸ்டினின் இலக்கணத்துக்கு நேர் மாறானது. வங்கியும் தொலைபேசியும் இல்லாமல் எவராலும் வாழ முடியாத நாட்டிலே, தானாகக் கொடுத்தான் என்று சொல்வது உலக நடப்பை அறியாத பேச்சு எனக் கொள்வதே பொருந்தும். இக்கொள்கையில் முதற் பெரும் உடைப்பு 2018 ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. கொள்ளை வழக்கொன்றில், ஒருவருடைய கைத்தொலைபேசி 127 நாட்களாக எங்கெங்கே இருந்தது என்பதை, 12,898 இடக்குறிப்புகளாக, தொலைபேசிக் கொம்பனியிடமிருந்து பொலிஸார் பெற்றிருந்தனர். நீதவானின் பிடியாணை இன்றி இத்தகைய பதிவைப் பெறலாகாது என ஐவருக்கு நால்வராக உயர் நீதிமன்றம் தீர்த்தது. கொம்பனியின் கையில் இருப்பதனால் மட்டும் ஒரு செய்தி ஊர்ச்செய்தி ஆகிவிடாது என்பதை ஏற்க அந்த நீதிமன்றத்துக்கு, வெஸ்டினின் நூல் வெளிவந்த பின்னரும் அரை நூற்றாண்டு சென்றது.

வெஸ்டினின் பிற்காலப் பணி இத்தனை மெச்சத்தக்கதாக எல்லோருக்கும் தோன்றவில்லை. 1970 களின் இறுதி தொட்டு அவர் பொதுமக்களின் அபிப்பிராயத்தை அளக்கும் ஆய்வுகள் பலவற்றை நடத்தினார். அவற்றுட் பலவற்றுக்குப் பணம் அளித்தவை வர்த்தகக் கொம்பனிகள். மக்களை அவர் மூன்று கூட்டமாகப் பிரித்தார். அந்தரங்கத்தை விட்டுக்கொடாதவர் ஏறத்தாழக் காற்பங்கினர். அதைப் பற்றிக் கவலையே படாதவர் சிலர். நடுவே, பயனையும் ஆபத்தையும் சீர்தூக்கித் தீர்மானிக்கும் காரியவாதிகள் அரைப்பங்குக்கு மேல். பெரும்பாலோர் சீர்தூக்கித் தாமே முடிவு செய்கின்றனர் என்றால் கடுஞ்சட்டம் எதற்கு, விபரத்தை அறிவித்துச் சம்மதம் பெற்றால் போதுமே என்ற கொள்கைக்கு இக்கணக்கு துணைநின்றது. கிறிஸ் ஹூப்நாகிள், ஜெனிபர் ஏர்பன் என்னும் சட்ட அறிஞர் இருவர் 2014 இல் இதனை மறுத்தெழுதினர். காரியவாதிகள் எனப்பட்டோரிற் பலர், சட்டம் தரும் பாதுகாப்பு உள்ளதைவிட அதிகம் எனத் தவறாக நம்பியிருந்தனர் என்பதை அவர்கள் தம் ஆய்வில் கண்டனர். தராசில் உள்ள படிக்கல்லே பிழையென்றால், சீர்தூக்கினான் என்பதில் என்ன பொருள்? பொய் காணும் பொறியின் முன் நின்று, இது மெய்யான சம்மதமா எனக் கேட்ட அறிஞரே, பிற்காலத்தில் அவ்வினாவை அத்தனை உரத்துக் கேட்கவில்லை என்பது நியாயமான குறைதான். ஆனால் அவருடைய முதல் நூலைக் கொண்டே அக்குறையை அளக்க முடிகின்றது. வெஸ்டின் 2013 ஆம் ஆண்டு பெப்ரவரியில் காலமானார்.

பல பக்கங்களுக்கு நீளும் நிபந்தனைகளின் கீழே 'சம்மதம்' என்ற பொத்தானை இன்று கைத்தொலைபேசியில் அழுத்தும் எவரும் அந்த வினாவுக்கு முன்னேதான் நிற்கின்றார். இலங்கைப் பாராளுமன்றமும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. தம்மைப் பற்றிய தரவைக் காணவும், பிழையிருப்பின் திருத்துவிக்கவும், முன்பு கொடுத்த சம்மதத்தை மீளப் பெறவும் உரிமைகள் அதில் எழுதப்பட்டுள்ளன. பொறி தானாகவே ஒருவரைப் பற்றி எடுத்த தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமையும் அதில் உண்டு. 1967 ஆம் ஆண்டு நூலில் இத்தகையதோர் உரிமைக்குப் பெயரே இருக்கவில்லை.